அளந்து உண்பது அன்புக்கு இழுக்கா?

பலெர்மோவில் எம்மவர் பலர் முதியோரைப் பராமரித்தும் வீட்டுவேலை செய்தும் குடும்பத்தை நடத்துபவர்கள். அவர்கள் வேலை செய்யும் வீட்டுக் குசினிகளில் பெரும்பாலும் ஒரு சின்னத் தராசு இருக்கும். மத்தியானம் சிஞ்ஞோராவுக்குப் பாஸ்தா அவிக்கும் முன் அதை அந்தத் தராசில் போட்டு நிறுக்க வேண்டும். 80 கிராம், அதுவும் அவிக்காத பாஸ்தா. பாண் 50 கிராம். ஒலிவ் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. வைத்தியர் எழுதிக் கொடுத்த தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும். சிஞ்ஞோரா இன்னும் கொஞ்சம் தா என்று கெஞ்சினாலும் எம்மவர் கொடுப்பதில்லை. மகன் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது?

மாலையில் அதே கை தன் வீட்டில் பிட்டுக்குத் தேங்காய்ப்பூ போடும்போது எந்தத் தராசையும் தேடுவதில்லை. தாச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்குப் போத்தலின் சரிவுதான் அளவு. இதை நினைத்து எமக்குள் நெடுநாளாக ஒரு சிரிப்பு இருந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்தபின் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

எமது கோயிலுக்கு ஒழுங்காக வரும் குடும்பம் அது. (அவர்களின் சம்மதத்துடன்தான் எழுதுகிறோம், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.) மகளுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது, எட்டுக் கிலோவாவது குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிறு மத்தியானம் நாமும் அங்கே விருந்தினர். தாயார் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், வடை என்று சமைத்திருந்தார். மகள் வெறும் கோப்பையைத் தராசில் வைத்து, 'தாரா' என்று எழுதிய பொத்தானை அமத்தி, சோற்றைப் போட்டு, 150 கிராம் வந்ததும் கையை எடுத்தார்.

தாயார் அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, "நான் என்ன கடையே நடத்துறன், நீ நிறுத்துச் சாப்பிட?" என்றார்.

"அம்மா, சிஞ்ஞோராவுக்கு நான் ஒவ்வொரு நாளும் நிறுக்கிறன். அவ எண்பத்தெட்டு வயசிலையும் நடந்து திரியிறா."

"அவ சிஞ்ஞோரா. எங்களுக்கு அளந்து தந்தது கஞ்சி. அளக்கிறது இல்லாத காலத்திலை, பிள்ளை."

அதன்பின் மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. இந்தத் தாயார் 2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். அதற்கு முன் தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில், நிவாரண அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அரிசியும் மாவும் சீனியும் நிறுத்து வாங்கியவர். தராசு முள் ஆடும்போது அது எந்தப் பக்கம் சாயுமோ என்று நெஞ்சு இடிக்கப் பார்த்த கண்கள் அவை. அப்படிப்பட்டவர் கையால் சமைத்து வைத்த சோற்றைப் பெற்ற மகள் தராசில் வைக்கும்போது அவருக்கு வலித்திருக்கும். அதைப் பழைய காலத்து அறியாமை என்று தள்ளிவிட எம்மால் முடியவில்லை. மகளையும் பிழை சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இக்கேள்வி எம்மைக் குடைந்துகொண்டிருக்கிறது: அன்போடு படைத்த உணவை நிறுத்து உண்பது சரியா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அளவு எமக்குப் புதிதல்ல. ஊரில் எந்த வீட்டில் அளவில்லாமல் உலை வைத்தார்கள்? சுண்டால் அளந்துதான் அரிசி போட்டார்கள். நாலு சுண்டு ஒரு கொத்து என்பது பள்ளிக்கூடம் போகாத ஆச்சிக்கும் தெரியும். அளந்த அரிசியில் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று வேறாக எடுத்து வைத்தார்கள். பிடி அரிசிக்குப் பிடிதான் அளவு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் சுவரெல்லாம் கல்வெட்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இராசராசன் காலத்தில் வெட்டியவை. தெய்வத்துக்குப் படைக்கும் அமுதுக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு என்று நாழி, உரி, உழக்கு, ஆழாக்குக் கணக்கில் அவற்றில் எழுதியிருக்கிறது. அக்கோயிலின் மரக்காலுக்கு ஆடவல்லான் என்றே பெயர். கூத்தப்பிரானின் பெயரைச் சுமந்த மரக்காலால் நெல்லை அளந்தவர்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

விரதமும் அப்படியே. கந்தசஷ்டிக்கு ஒருநேர உணவு உண்பவர்கள், பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் எமக்குள் ஏராளம். மிளகை எண்ணி வாயில் போட்டு ஆறு நாளும் நோற்பவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன தாயார் கந்தசஷ்டியை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. கிராம் கணக்கு அவருக்கு அந்நியமாகத் தெரிகிறது, மிளகுக் கணக்குத் தெரியவில்லை. (இதை அவரிடம் சொல்லிப் பார்த்தோம். "அது கடவுளுக்கு" என்று ஒரே சொல்லில் எமது வாயை அடைத்துவிட்டார்.)

ஆனால் எமது வழக்கில் அளவு பானையோடு நின்றுவிட்டது. இலைக்கு அது வரவில்லை. உலைக்கு எத்தனை சுண்டு என்பது சமைப்பவரின் கணக்கு. இலையில் எவ்வளவு விழுகிறது என்பதற்குக் கணக்கே கிடையாது. அங்கே உண்பவர் கையை இலைக்கு மேல் விரித்து "போதும்" என்று சொல்வதுதான் அளவு. அந்தப் "போதும்" என்ற சொல்லை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. விரித்த விரல்களுக்கு இடையால் சோறு போட்டால்தான் உபசாரம் என்று பழகிவிட்டோம். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இரண்டையும் எழுதியது ஒரே கை. நாம் முதலாவதை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொண்டு மற்றதை வைத்தியருக்கு விட்டுவிட்டோம்.

நாம் வந்து குடியேறிய இந்த நாடு இந்த விடயத்தில் எமக்கு மூத்தது. பதுவா நகரில் அல்வீசே கொர்னாரோ என்று ஒரு செல்வந்தர் இருந்தார். இளமையில் கண்டபடி உண்டு குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர், பிறகு உணவை நிறுத்து உண்ணத் தொடங்கினார். நாளுக்குப் பன்னிரண்டு அவுன்சு உணவு, பதினான்கு அவுன்சு திராட்சைமது. நன்றாகவே இருந்தார். முதுமையில் உறவினரும் நண்பரும் கூடி, இந்த வயதில் இவ்வளவு போதாது, இன்னும் கொஞ்சம் எடுங்கள் என்று வற்புறுத்தினார்கள். அவர்கள் மனம் நோகக்கூடாதென்று இரண்டு இரண்டு அவுன்சு கூட்டினார். சில நாட்களில் முகம் வாடி, நோவும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டார். பழைய அளவுக்குத் திரும்பிய பிறகுதான் எழுந்தார். 1558 இல் அச்சான தமது நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். வாசித்தபோது, யாழ்ப்பாணத்து மாமி ஒருவர் பதுவாவில் போய் இருந்தாரோ என்று எமக்குத் தோன்றியது.

அதே பதுவாவில் அடுத்த நூற்றாண்டில் சந்தோரியோ என்னும் மருத்துவப் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். பெரிய தராசொன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் இருந்து உண்டார். உண்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிறுத்து எழுதினார். எட்டு இறாத்தல் உள்ளே போனால் அதில் ஐந்து இறாத்தல் கண்ணுக்குத் தெரியாத வியர்வையாகப் போய்விடுகிறது என்று கண்டார். அவருடைய நூல் 1614 இல் வெளிவந்தது. போதுமான அளவு உண்டதும் நாற்காலி சற்றுக் கீழே இறங்கும்படி தராசை அமைத்து வைக்கலாம் என்றும் சொன்னார். நாற்காலி இறங்கினால் எழுந்துவிட வேண்டியதுதான். பக்கத்தில் நின்று வற்புறுத்த ஒருவருமில்லாத மனிதர் போலும்!

இனிக் கலோரிக்கு வருவோம். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்பவர் 1890களில் ஒரு மனிதனைச் சிறு அறையொன்றுக்குள் நாட்கணக்காக வாழவைத்து, அவன் உடம்பிலிருந்து எழும் வெப்பத்தை அளந்தார். மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்று நாம் பொதிகளில் வாசிக்கும் கணக்கு அவருடைய ஆய்விலிருந்து வந்தது. இதில் எமது சமையலுக்குப் பெரிய சேதி அந்த 9 தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அது நல்லெண்ணெயாக இருந்தாலென்ன ஒலிவ் எண்ணெயாக இருந்தாலென்ன, ஏறக்குறைய 120 கலோரி. தாளிக்கும்போது கை சற்றுச் சரிந்தால் ஒரு அகப்பைச் சோறு கூடிவிட்டது என்று பொருள். 300 கிராம் அரிசிமாவில் பிட்டு அவித்து 150 கிராம் தேங்காய்ப்பூ சேர்த்தால், அலங்காரம்போல் வெள்ளையாகக் கிடக்கும் அந்தத் தேங்காய்ப்பூவிலிருந்து மொத்தக் கலோரியில் மூன்றில் ஒரு பங்கு வருகிறது.

"நான் ஒண்டும் பெரிசாச் சாப்பிடுறேல்லை, காத்துக் குடிச்சாலும் உடம்பு வைக்குது" என்று சொல்லாதவர் எமக்குள் யார்? 1992 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை குறையவில்லை என்று முறையிட்டவர்களை எடுத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய உடம்பில் சக்தி எரியும் வேகத்தில் குறை எதுவும் இல்லை. தாம் உண்டதைச் சராசரியாக 47 வீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 வீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். எம்மை உறுத்தியது என்னவென்றால், அவர்கள் ஏமாற்றுக்காரரல்லர். எழுதிக் கொடுத்ததை உண்மையென்று நம்பியே எழுதியவர்கள். பிள்ளையின் கோப்பையில் மிஞ்சிய வாய், சமைக்கும்போது உப்புப் பார்த்த வாய், வேலை வீட்டில் சிஞ்ஞோரா கொடுத்த பிஸ்கட் எதுவும் நினைவில் நிற்பதில்லை. நடந்த நடை மட்டும் நன்றாக நினைவில் நிற்கிறது. மொந்தே பெல்லெகிரீனோ மலைக்கு ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு இறங்கிய களைப்பில், இன்று எவ்வளவும் உண்ணலாம் என்று பொரித்த அரஞ்சினா இரண்டை வாங்கிச் சாப்பிடுவதை நாமும் செய்திருக்கிறோம்.

ஆகையால் இதை நாம் வாய்மை பற்றிய விடயமாகவே பார்க்கிறோம். மற்றவருக்குப் பொய் சொல்லக்கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தன்னையே அறியாமல் தனக்குச் சொல்லும் பொய்யைப் பிடிக்க என்ன வழி வைத்திருக்கிறோம்? மகளின் தராசு தாயின் கையைச் சந்தேகித்து வந்ததல்ல, தன் கண்ணைச் சந்தேகித்து வந்தது. பலரோ சந்தையிலும் பொருளை நிறுத்துத்தான் வாங்குகிறோம். பாற்கட்டி இரண்டு 'எத்தோ' தாருங்கள் என்று நூறு கிராம் கணக்கில் கேட்கிறோம். கடைக்காரர் தாள், பெட்டி எடையைக் கழித்துச் சரக்கின் எடைக்கே காசு வாங்க வேண்டும் என்று இந்த நாட்டில் 1981 இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கழிவுக்குத்தான் 'தாரா' என்று பெயர். சொல் அரபியிலிருந்து வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அரபியர் ஆண்ட இந்த ஊரில் அது ஒன்றும் புதினமல்ல. விற்பவரிடம் இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம் எமது வாயிடம் மட்டும் கணக்குக் கேட்பதில்லை.

கறிசோறு நிறுப்பதற்கு ஏற்ற சாப்பாடல்ல என்பார்கள். பொதியில் வரும் பாஸ்தாவைப்போல் எங்கள் கறிக்கு யார் கலோரி எழுதி ஒட்டுவது? இதற்கும் வழி பானையில்தான் இருக்கிறது. வெறும் சட்டியின் எடையை ஒருமுறை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். போடும் அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாவற்றையும் பச்சையாகவே நிறுத்துக் கணக்கெடுத்து, சமைத்து முடிந்ததும் சட்டியோடு நிறுத்துச் சட்டியின் எடையைக் கழியுங்கள். 400 கிராம் அரிசியில் ஏறக்குறைய 1,440 கலோரி. அது 1,100 கிராம் சோறாக வந்தால் 100 கிராம் சோற்றில் 131. அவ்வளவுதான். அவித்த சோற்றை நிறுத்துவிட்டு அரிசிப் பொதியில் எழுதியிருக்கும் எண்ணால் பெருக்குபவர்கள் உண்டு; அவர்கள் மூன்று மடங்கு கணக்கெழுதி, பட்டினி கிடந்து, ஒரு கிழமையில் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவார்கள்.

இவ்வளவு பார்த்தாலும் எண் முழுச் சத்தியம் ஆகிவிடாது. பொதியில் இருப்பது சராசரிப் பெறுமதி என்று ஐரோப்பியச் சட்டமே சொல்கிறது. பாதாம் பருப்பில், கணக்குப்படி வரவேண்டியதிலும் மிகக் குறைந்த கலோரிதான் உடம்புக்குச் சேர்கிறது என்று 2012 இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஒரு கிராம் கூடிவிட்டதென்று இரவு நித்திரை கொள்ளாமல் இருப்பது மூடத்தனம். தராசு மணிக்கூட்டைப்போல ஒரு கருவி. அதற்குத் தீபம் காட்டத் தேவையில்லை.

ஏன் எம்மவர் இதைக் கவனிக்க வேண்டும்? எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 25 ஐத் தாண்டினால் அதிக எடை என்பது பொதுக் கணக்கு. ஆசியருக்கு 23 இலேயே ஆபத்து ஏறத் தொடங்குவதால் அதையே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு இது 64 கிலோவுக்கும் 59 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். இத்தாலியர் கண்ணுக்கு மெலிந்தவராகத் தெரியும் எமது அண்ணர் ஒருவருக்கு ஏன் சீனி வருத்தம் என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

ஒரு பயமும் எமக்கு உண்டு. வளர்ந்து வரும் பெண்பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் சிலரை அது திருப்பிப் பிடித்துக்கொள்கிறது. உணவை ஒளிப்பது, எல்லோரோடும் இருந்து உண்ண மறுப்பது, மாதவிலக்கு நின்றுபோவது ஆகியவற்றைக் கண்டால் தராசைப் பூட்டிவிட்டு வைத்தியரிடம் போங்கள். கோபிக்க வேண்டாம், பொறுத்திருந்து பார்க்கவும் வேண்டாம். இன்சுலினோ சீனிக்குக் குளிசையோ எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் உணவைச் சடுதியாகக் குறைக்கக்கூடாது. அத்தோடு, அடுத்தவர் கோப்பையை நிறுக்க ஒருவருக்கும் உரிமையில்லை. மனைவியின் கோப்பையைப் பார்த்து, "உதிலை எத்தினை கலோரி?" என்று கேட்கும் கணவன்மாரையும் நாம் கண்டிருக்கிறோம். தன் இலைக்குத் தான் வைக்கும் அளவு விரதம். பிறர் இலைக்கு வைக்கும் அளவு நிவாரண அட்டை. அந்தத் தாயார் முள்ளிவாய்க்காலில் கண்டது இரண்டாவதைத்தான். மகள் செய்ய முயன்றது முதலாவது. இரண்டும் ஒரே தராசில் நடப்பதால் வந்த மனவருத்தம் அது என்று இப்போது எமக்குப் படுகிறது.

கோயில் அன்னதானப் பந்தியில் தராசுக்கு இடமில்லை. அதில் எமக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பரிமாறும் தொண்டர்களிடம் ஒன்று கேட்கிறோம். இலைக்கு மேல் கை விரிந்தால் அகப்பையைத் திருப்புங்கள். இரண்டாம் முறை கேட்க வேண்டாம். பாயாசம் வேண்டாம் என்பவர் அம்மனை அவமதிக்கவில்லை. அவருக்கு ஒரு கரண்டி மோர் கொடுத்துவிட்டு அடுத்த இலைக்குப் போங்கள்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்கு மறுபடியும் போனோம். தாயாரின் சட்டிகளின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் எண்கள் எழுதியிருந்தன. சோற்றுச் சட்டி 640, பருப்புச் சட்டி 415. எழுதியது தாயாரேதான்; மகள் வேலையால் வர நேரமாகும் நாட்களில் அவரே நிறுத்து வைக்கிறாராம். ஆனால் மேசைக்குத் தராசு வரக்கூடாது என்பதில் இறுக்கமாக நிற்கிறார். மகள் குசினியிலேயே நிறுத்துக் கோப்பையைக் கொண்டு வருகிறார். அதுவும் 150 கிராம் அல்ல, 120. மிச்சம் 30 கிராம் அம்மாவின் அகப்பைக்கு. மகள் வந்து இருந்ததும் தாயார் எதையும் பாராமல் ஒரு அகப்பை போடுவார், மகள் மறுப்பதில்லை.

எமக்கு ஆவல் அடங்கவில்லை. அன்று அந்த ஒரு அகப்பையை மட்டும் வேறு கோப்பையில் வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்த் தராசில் வைத்துப் பார்த்தோம். 55 கிராம். வெளியே வந்து சொன்னபோது தாயார் கொஞ்சமும் அசையவில்லை.

"உது தராசிலை பிழை. போய் இருங்கோ, சோறு ஆறப்போகுது."